தனி லைசென்ஸை விட்டு நெட்வொர்க் லைசென்ஸுக்கு: மதுரை டிசைன் அலுவலகத்தில் ஓட்டிப் பார்த்த கணக்கு

கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் நிறைய அலுவலகங்கள் இந்த அளவில்தான் இருக்கின்றன: 14 சிஸ்டம், அதில் 3 லேப்டாப், ஸ்ட்ரக்சுரல் டிசைனும் ட்ராஃப்டிங்கும் ஒரே மாடியில். வரைபட மென்பொருளுக்குத் தனி லைசென்ஸ் முறையில் சிஸ்டத்துக்கு ஒன்று வாங்க வேண்டும். ஆள் சைட்டுக்குப் போய்விட்டால் அவருடைய லைசென்ஸும் சும்மா கிடக்கும். நெட்வொர்க் முறையில் சர்வர் என்ற ஒரு கம்ப்யூட்டரில் எல்லாம் ஒரே குவியல். திறப்பவர் எடுப்பார், மூடினால் திரும்பிவிடும்.

முதலில் காசுக் கணக்கு. நெட்வொர்க் லைசென்ஸின் விலை தனி லைசென்ஸைப் போல 1.5 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 14 தனி லைசென்ஸுக்குப் பதில் 9 வாங்கினால் 13.5 பங்கு காசு போய்விடும். மிச்சம் அரை லைசென்ஸ். அதற்காக ஒரு சர்வரை வாங்கி வைத்து மாரடிக்க வேண்டியதில்லை. 7 போதும் என்றால் 10.5 பங்கு, அப்போது மாறலாம். 7 போதுமா என்பதை ஊகத்தில் முடிவு செய்யக்கூடாது. இரண்டு வாரம், மணிக்கு ஒரு முறை, யார் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தால் தெரிந்துவிடும். ப்ளான் அப்ரூவலுக்கு ட்ராயிங் ஓடும் வாரம் அதில் கட்டாயம் அடங்க வேண்டும்.

எல்லா மென்பொருளிலும் இது கிடைக்காது. ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2020 ஆகஸ்ட் முதல் நெட்வொர்க் சந்தாவைப் புதுப்பிக்க வருபவர்களை, ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், பெயர் சொல்லி ஒதுக்கும் சந்தாவுக்கு மாற்றத் தொடங்கிவிட்டது. ரைனோ என்ற டிசைன் மென்பொருளில் ஸூ என்ற லைசென்ஸ் சர்வர் இலவசம். பிரிக்ஸ்கேடில் ஆர்எல்எம் என்ற லைசென்ஸ் சர்வர். கீழே வருவது பரவலாக இருக்கும் ஃப்ளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் சர்வர் வகையை வைத்து எழுதியது.

சர்வருக்கு என்று பெரிய மெஷின் தேவையில்லை. 8 ஜிபி ராம் உள்ள பழைய ஐ3 டெஸ்க்டாப் தாராளம். ஆனால் லைசென்ஸ் ஃபைல் அந்த மெஷினின் மேக் முகவரியோடு, அதாவது நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண்ணோடு, கட்டப்படுகிறது. கோட்டை விடுவது இங்கேதான். வைஃபை, விபிஎன், மெய்நிகர் அடாப்டர் இவற்றின் முகவரியைக் கொடுத்துவிட்டால், அந்த அடாப்டர் அணைந்த நாளில் மெஷின் பொருந்தவில்லை என்று மைனஸ் 9 பிழை வரும். மதர்போர்டில் உள்ள லேன் முகவரியைக் கொடுத்தால் போர்டு போகும் அன்று லைசென்ஸும் போகும்; புது ஃபைலுக்கு விற்பனையாளரிடம் காத்திருக்க வேண்டும். அதனால் தனியாக ஒரு பிசிஐ லேன் கார்டு போட்டு, அதன் முகவரியைக் கொடுப்பதே நல்லது. மெஷின் செத்தால் கார்டைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் செருகி, பழைய கம்ப்யூட்டர் பெயரையே அதற்கும் வைத்தால் அரை மணி நேரத்தில் வேலை ஓடும். விண்டோஸ் பதிப்பையும் வன்வட்டு எண்ணையும் சேர்த்துப் பூட்டும் நிறுவனங்களிடம் இது செல்லாது. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளவும்.

லைசென்ஸ் ஃபைலில் சர்வர் என்று தொடங்கும் வரியில் போர்ட் 27000 இருக்கும் (போர்ட் என்பது மற்ற சிஸ்டங்கள் சர்வரோடு பேசும் வாசல் எண்). அதற்குக் கீழே மென்பொருள் நிறுவனத்தின் லைசென்ஸ் நிரலைக் குறிக்கும் வென்டர் வரி. அந்த வரியில் பெரும்பாலும் போர்ட் எண் இருக்காது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். எண் இல்லாவிட்டால் சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் கையில் கிடைத்த ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். ஃபயர்வாலில் திறந்து வைத்தது பழைய போர்ட். நேற்று வரை ஓடியது, கரண்ட் போய் வந்த பிறகு ஒருவருக்கும் லைசென்ஸ் இல்லை என்ற புகாரில் பாதி இதனால்தான். வென்டர் வரியின் கடைசியில் ஒரு போர்ட் எண்ணை நிலையாக எழுதி, இரண்டு போர்ட்டையும் ஃபயர்வாலில் திறந்துவிட வேண்டும். ரூட்டர் மாற்றினால் விண்டோஸ் அந்த இணைப்பைப் பொது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு விதியை மதிக்காமல் போகலாம். எனவே விதியை எல்லா வகைக்கும் போடவும்.

டொமைன் (எல்லா சிஸ்டத்தையும் மையமாக நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத சாதாரண அலுவலக நெட்வொர்க்கில் இன்னொரு குழி உண்டு. ஐபி எண் கொடுத்துத்தான் க்ளையன்ட்டை, அதாவது லைசென்ஸ் கேட்கும் சிஸ்டத்தை, இணைத்திருப்பார்கள். ஆனால் சர்வர் திருப்பிச் சொல்வது தன் கம்ப்யூட்டர் பெயரை. அந்தப் பெயர் க்ளையன்ட்டுக்குப் புரியாவிட்டால் சர்வரை எட்ட முடியவில்லை என்று மைனஸ் 96 பிழை. ரூட்டரில் சர்வருக்கு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கி, ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்ற பட்டியல்) ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

மாறும் நாளில் வரிசை முக்கியம். பழைய தனி லைசென்ஸை ஒவ்வொரு சிஸ்டத்திலும் முறையாக டீஆக்டிவேட் செய்த பிறகே மென்பொருளை எடுக்க வேண்டும். ஃபார்மட் அடித்துவிட்டால் அது இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகவே கணக்கில் நிற்கும். மென்பொருள் திறக்க அரை நிமிடம் யோசித்தால், விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற பகுதியைப் பாருங்கள். சோதனைக்குப் போட்ட பழைய சர்வர் முகவரி அங்கே உட்கார்ந்திருக்கும். மென்பொருள் முதலில் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் புதியதற்கு வரும்.

இனி கரண்ட். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்கே போய்விடும். சர்வரை யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு நெட்வொர்க் ஸ்விட்சைச் சுவர் பிளக்கில் விட்டால் ஒரு பயனும் இல்லை. இரண்டும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். கரண்ட் வந்ததும் தானே எழுமாறு பயாஸில் அமைக்கவும். லைசென்ஸ் சர்வீஸை விண்டோஸில் தாமதத் தொடக்கத்தில் வைக்கவும், இல்லாவிட்டால் லேன் கார்டு தயாராகும் முன்பே எழுந்து முகவரியைக் காணோம் என்று படுத்துவிடும். பழைய டெஸ்க்டாப் என்றால் சிஆர் 2032 பேட்டரியை முதல் நாளே மாற்றுங்கள். அது தீர்ந்து தேதி பின்னுக்குப் போனால் கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்கள் என்று மைனஸ் 88 காட்டி மறுக்கும்.

7 லைசென்ஸ் 14 பேருக்குப் போதுமா என்பதைத் தீர்மானிப்பது ஆப்ஷன்ஸ் ஃபைல், அதாவது லைசென்ஸை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்ற விதிகளைச் சர்வரில் எழுதும் ஃபைல். ட்ராயிங்கைத் திறந்து வைத்துவிட்டு டீக்கும் சாப்பாட்டுக்கும் போவது யாருடைய வழக்கம் என்று சொல்லத் தேவையில்லை. டைம்அவுட்ஆல் 1800 என்று ஒரு வரி போட்டால் 30 நிமிடம் சும்மா இருக்கும் லைசென்ஸ் தானே விடுபடும். எண் விநாடிக் கணக்கில். 30 என்று எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். மென்பொருள் நிறுவனமே ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கும், அதற்குக் கீழே போகாது. திரும்பி வந்து மவுஸை அசைத்தால், குவியலில் இருந்தால் மறுபடி கிடைக்கும். இல்லாவிட்டால் சேமிக்க விடுமா விடாதா என்பது மென்பொருளைப் பொறுத்தது. இதை முன்கூட்டிச் சோதித்து எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

லாக் ஃபைலை ப்ரோக்ராம்டேட்டா ஃபோல்டருக்குள் வைக்கவும். வேறு இடத்தில் சர்வீஸுக்கு எழுத அனுமதி இல்லாமல் போகலாம். அதில் டினைட் (லைசென்ஸ் மறுக்கப்பட்டது) என்று வரும் வரிகளை எண்ணித்தான் அடுத்த லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆனால் அப்படியே எண்ணாதீர்கள். ஒரே ஆள் பொறுமையில்லாமல் ஆறு முறை க்ளிக் செய்தால் ஆறு வரி விழும். ஒரே பெயர், ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அதை ஒன்றாகக் கொள்ளவும்.

மேலூர், உசிலம்பட்டி சைட்டுக்கு லேப்டாப் கொண்டு போகிறவர்களுக்கு பாரோ வசதி இருக்கிறது: நாள் குறித்து லைசென்ஸை எடுத்துப் போகலாம். அந்த லேப்டாப் கெட்டாலோ ஃபார்மட் ஆனாலோ குறித்த நாள் முடியும்வரை அது திரும்பாது, சர்வரிலிருந்து பிடுங்கவும் முடியாது. எனவே வசதிக்காக 30 நாள் கொடுக்க வேண்டாம். அதிகபட்சம் 3 நாள் என்று ஆப்ஷன்ஸ் ஃபைலிலேயே பூட்டிவிடலாம். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வீட்டில் பார்க்கிறேன் என்று லேப்டாப் வைத்திருக்கும் மூன்று பேரும் எடுத்துப்போனால், அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு 4தான் மிஞ்சும். அந்த வாரத்துக்கு மட்டும் ஆப்ஷன்ஸ் ஃபைலின் மேக்ஸ் வரியில் லேப்டாப் குழுவுக்கு 2 என்று வரம்பு போடுங்கள்.