போர் தண்ணீரில் ஒரு செடித் தொட்டி: நான்கு வருட அனுபவம்

சென்னையில் மீன் தொட்டிக்குச் செடி வாங்கப் போனால், பெரும்பாலும் முதலில் வருகிற கேள்வி "உங்க வீட்டுல என்ன தண்ணி?" என்பதுதான். போர் தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்) என்று சொன்னதுமே, "உப்புத் தண்ணிங்க, செடி நிக்காது. பிளாஸ்டிக் செடி போட்டுக்கோங்க" என்பார்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மில்லிகிராம் அளவு, 900-ஐ ஒட்டி இருக்கும். அந்தத் தண்ணீரை வைத்து 2021-ல் தொடங்கிய இரண்டடித் தொட்டி இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது, பெரிய ஃபில்டர் கிடையாது, இறக்குமதி மண்ணும் கிடையாது. நம் ஊர்த் தண்ணீரிலும் நம் ஊர் வெயிலிலும் இப்படி ஒரு தொட்டி நீண்ட காலத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதி வைத்தால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

முதலில் தொட்டியைப் பற்றி. 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். கணக்குக்கு 54 லிட்டர், மண்ணும் கல்லும் போக உண்மையில் நிற்பது 45 லிட்டர் தண்ணீர். அடியில் சலித்த செம்மண்ணோடு கொஞ்சம் மண்புழு உரம் கலந்து ஒரு அங்குலம், அதன்மேல் 2-3 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு கல் ஒரு அங்குலம். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் பிரபலப்படுத்திய முறையின் எளிய வடிவம் இது. மண் செடிக்கு உணவு தரும், செடி தண்ணீரைச் சுத்தம் செய்யும், மேலே இருக்கும் கல் மண்ணைக் கலங்க விடாது. செம்மண்ணில் இரும்புச்சத்து இருப்பது செடிகளுக்கு நல்லது. மண்ணைப் போடுவதற்கு முன் ஒரு வாளியில் ஊறவைத்து, மிதக்கிற குப்பையை வடித்து, மறுபடி ஊறவைத்து என்று சில முறை செய்துகொள்வது அவசியம். சாண எரு வேண்டவே வேண்டாம். தண்ணீருக்கடியில் அது அழுகி அம்மோனியாவைக் கொட்டும்.

இப்போது செடிகள். இந்த நான்கு வருடத்தில் நான் கற்றதில் முக்கியமானது இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தண்ணீருக்குள் வாழும் செடிக்கு எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது கார்பன். சிலிண்டர் வைத்த தொட்டிகளில் லிட்டருக்கு 20-30 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். நம்முடையது போன்ற தொட்டியில் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். ஆனால் உப்புத் தண்ணீர் என்று நாம் ஒதுக்கும் போர் தண்ணீரில் கால்சியத்தோடு பைகார்பனேட்டும் நிறைய இருக்கிறது. சில செடிகளுக்கு அந்தப் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறமை உண்டு. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் மூன்றும் அந்த வகை. மூன்றுமே நம் நாட்டுக் குளங்களிலும் ஏரிகளிலும் தானாக வளர்பவை. வேறு சில செடிகளால் கரைந்த கார்பன் டை ஆக்சைடை மட்டும்தான் எடுக்க முடியும். எல்லாக் கடையிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கபோம்பா அப்படிப்பட்டது. பஞ்சு போல அழகாக இருக்கும் அது, நம் வீட்டுத் தொட்டிக்கு வந்த சில வாரங்களில் உதிர்ந்து கரைந்துபோவதற்கு இதுவே பெரிய காரணம். செடி நிற்காது என்ற பேச்சு பரவியதில் கபோம்பாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வாலிஸ்நேரியா நன்றாக வளரத் தொடங்கியதும் அதன் இலைகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்ததுபோல் ஒரு படலம் வரும். பலர் இதை நோய் என்று பயந்து மருந்து ஊற்றுகிறார்கள். அது நோய் இல்லை. செடி பைகார்பனேட்டை எடுக்கும்போது மிஞ்சும் கால்சியம் கார்பனேட் இலைமேல் படிகிறது, அவ்வளவுதான். விரலால் தேய்த்தால் மணல் போல் நறநறவென்று இருக்கும். அந்தப் படலத்தைப் பார்த்தால் மகிழ்ச்சியடையலாம், செடி சாப்பிடுகிறது என்று அர்த்தம். மாலையில் பிஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு) சோதித்தால் காலையில் இருந்ததைவிட நன்றாகவே ஏறியிருக்கும். அதற்கும் இதே காரணம்தான்.

இந்த மூன்றும் வேகமாக வளரும் கூட்டம். இவற்றோடு மெதுவாக வளரும் இரண்டு வகை வைத்திருக்கிறேன். ஒன்று அனுபியாஸ், மேற்கு ஆப்பிரிக்காவின் ஓடைச் செடி. அதன் தடித்த கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும், கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட வேண்டும். இன்னொன்று கிரிப்டோகோரைன் வெண்டியை, இலங்கைக்கே உரிய செடி. வாங்கி நட்டதும் அதன் இலையெல்லாம் கூழாகக் கரைந்துபோகும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வேர் உயிரோடு இருக்கும், ஒரு மாதத்தில் நம் தண்ணீருக்கு ஏற்ற புது இலை விடும். ஒருமுறை பிடித்துக்கொண்டால் அதைப்போல் நம்பகமான செடி வேறில்லை.

தரையில் புல்வெளி போலப் படரும் செடி, ரத்தச் சிவப்பில் ஜொலிக்கும் செடி இதெல்லாம் இந்த முறையில் சரியாக வராது. அந்த ஆசை இருந்தால் சிலிண்டரும் அதிக வெளிச்சமும் உப்பு குறைந்த மென்மையான தண்ணீரும் வேண்டும், அது வேறு பாதை, செலவும் வேறு.

முதல் நாளே தரையின் முக்கால் பங்கு மறையும் அளவுக்குச் செடி நட்டுவிட வேண்டும். நாலு செடி வைத்துப் பார்ப்போம், வளரட்டும் என்று காத்திருந்தால் அந்த இடைவெளியில் பாசி புகுந்துவிடும். ஹைட்ரில்லாவும் ஹார்ன்வோர்ட்டும் விலை மலிவு, வகைக்கொரு பை வாங்கி நிரப்பலாம். இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டினால் பின்னால் பாசியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

மீனை மட்டும் அவசரப்பட்டு விடக் கூடாது. புதுத் தொட்டியில் மண்ணிலிருந்து அம்மோனியா வரும், அதை மாற்றும் பாக்டீரியா பெருகக் குறைந்தது நான்கைந்து வாரம் ஆகும். இது எல்லா ஊருக்கும் பொதுவான விஷயம்தான். ஆனால் நமக்கு ஆபத்து கூடுதல். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கிறது, அதில் ஒன்றுதான் மீனுக்குக் கொடிய விஷம். தண்ணீர் 30 டிகிரி, பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அந்த விஷ வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. அதே 30 டிகிரியில் பிஹெச் 8.3 ஆனால் ஏறக்குறைய 14 சதவீதம். போர் தண்ணீரின் பிஹெச் சுலபமாக அந்த இடத்துக்குப் போகும். குளிர் நாட்டுக்காரர் வீடியோவில் இரண்டாம் வாரமே மீன் விடுகிறார் என்று நாமும் விட முடியாது. அம்மோனியா சோதனைத் திரவம் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, அது பூஜ்யம் காட்டிய பிறகு மீன் வாங்கப் போவது நல்லது. நத்தையை மட்டும் முன்பே விடலாம். எங்கள் தொட்டியில் ராம்ஸ்ஹார்ன் நத்தை செடியோடு ஒட்டிக்கொண்டு தானாகவே வந்தது, இப்போது உதிர்ந்த இலைகளை அதுதான் தின்று முடிக்கிறது.

மீன் என்று பார்த்தால் கப்பி ஆண் மீன்கள் மட்டும் சில, ஒரு ஜோடி ஹனி கௌராமி, இவ்வளவுதான். கப்பிக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும். பெண் கப்பியைச் சேர்த்து விட்டால் தொட்டி தாங்காத அளவுக்குப் பெருகிவிடும், ஆணோடு ஒருமுறை சேர்ந்த பெண் மாதக்கணக்கில் தொடர்ந்து குட்டி போடும். ஹனி கௌராமி கங்கை, பிரம்மபுத்திரா பகுதி மீன், மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடியது, அதனால் கோடையைத் தாங்குகிறது. நியான் டெட்ராவை இந்தத் தண்ணீரில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அமேசானின் மென்மையான அமிலத் தண்ணீர் மீன் அது. நம் மே மாதச் சூட்டில் அதை வைத்திருப்பது மீனுக்குச் செய்யும் கொடுமை. பாசி தின்னும் என்று விற்கப்படும் சக்கர் மீனும் இரண்டடித் தொட்டிக்கு ஆகாது, ஒரு அடிக்கு மேல் வளரும்.

நான்கு வருடமாகத் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருப்பது ஆவியாதல். ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறிக் காற்றும் சேர்ந்து வாரத்துக்கு 4-5 லிட்டர் போய்விடும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தொட்டியில் தங்கிவிடும். குறைந்த இடத்தை மறுபடி போர் தண்ணீரால் நிரப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டிடிஎஸ் 900 உள்ள தண்ணீர் 5 லிட்டர் ஊற்றினால் 4,500 மில்லிகிராம் உப்பு புதிதாகச் சேருகிறது. 45 லிட்டரில் அது லிட்டருக்கு 100 மில்லிகிராம். ஒரு கோடைக்குள் டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டி எங்கோ போய்விடும். அதனால் ஆவியான அளவை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றும்போது ஒரு பங்கு போர் தண்ணீர், இரண்டு பங்கு ஆர்ஓ. கலவை 330-ஐ ஒட்டி வரும். பைகார்பனேட்டும் இருக்கும், மீனுக்கும் சரி. டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், இந்தத் தொட்டிக்காக வாங்கியவற்றில் அதிகம் பயன்பட்டது அதுவே. மெட்ரோ வாட்டர் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் குளோரினை நீக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

அடுத்தது கோடைச் சூடு. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 32 டிகிரியில் 7.3 மட்டும். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடவும் செய்கிறது. இரவில் செடியும் ஆக்ஸிஜனைத்தான் எடுக்கும் என்பதால் தொட்டிக்கு மோசமான நேரம் விடியற்காலை. மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா என்று அப்போதுதான் பார்க்க வேண்டும். கோடையில் மட்டும் இரவு முழுக்க ஒரு சின்ன ஏர் பம்ப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓட விடுகிறேன், ஒரு சிறு மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் திருப்பி வைக்கிறேன். சென்னையின் ஈரக்காற்றில் அதனால் இரண்டு டிகிரி குறைந்தால் பெரிய விஷயம், ஆனால் அந்த இரண்டு டிகிரிக்கு மதிப்பு உண்டு.

இப்படி ஒரு தொட்டியின் பலம் மின்வெட்டில் தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. விளக்கு இல்லை, ஜன்னல் வழியே மங்கலான வெளிச்சம் மட்டும். உணவு போடுவதை நிறுத்திவிட்டேன், வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு மீன்கூடச் சாகவில்லை. மீன் குறைவு, செடி அதிகம், தண்ணீரும் டிசம்பர் குளிரில் இருந்தது. அதே மின்வெட்டு மே மாதத்தில் வந்திருந்தால் இவ்வளவு சுலபமாகக் கடந்திருக்காது, அப்போது பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் வேண்டும்.

விளக்கு 12 வாட் எல்இடி. காலையில் 4 மணி நேரம், நடுவில் 4 மணி நேர ஓய்வு, மாலையில் மறுபடி 4 மணி நேரம் என டைமரில் ஓடுகிறது. மாதத்துக்கு 3 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பாசி தலைகாட்டினால் நான் முதலில் செய்வது விளக்கு நேரத்தைக் குறைப்பதும் தீனியைக் குறைப்பதும்தான். பாசிக்கொல்லி மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கும், நத்தைக்கும் இறாலுக்கும் அது எமன். லிக்விட் கார்பன் என்று விற்கிற திரவத்தை வாலிஸ்நேரியா உள்ள தொட்டியில் ஊற்றவே கூடாது, இலை கரைந்துவிடும்.

மூன்றாம் வருடத்தில் மண்ணின் சத்து தீர்ந்துவருவது தெரிந்தது. கிரிப்டோகோரைனின் புது இலைகள் வெளிறி வந்தன. மண்ணைக் கிளறாமல், வேர் அருகே உர மாத்திரைகளைக் கல்லுக்கடியில் ஆழமாகச் செருகினேன். ஒன்றரை மாதத்தில் பழைய நிறம் வந்துவிட்டது. இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன். தொட்டியைக் கலைத்துப் புது மண் போடும் தேவை இதுவரை வரவில்லை.

ஹைட்ரில்லாவை வாரம் ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேற்பரப்பை மூடிக் கீழே இருக்கும் செடிக்கு வெளிச்சம் போகாது. வெட்டியதை என்ன செய்வது என்பதில் மட்டும் யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செடியானாலும் மீனானாலும் நத்தையானாலும் ஏரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள். தொட்டியில் வளர்க்க முடியாமல் யாரோ விட்ட சக்கர் மீன்கள் இன்று சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் பெருகி, வலை போடுகிறவர்களுக்குத் தீராத தலைவலியாக இருக்கின்றன. மிஞ்சும் செடியைப் புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குக் கொடுங்கள், சென்னை கொளத்தூரின் மீன் கடைகளில் சிலர் வாங்கிக்கொள்ளவும் செய்வார்கள். அப்படியும் மிஞ்சினால் மொட்டை மாடியில் காயவைத்து ரோஜாத் தொட்டிக்குப் போடலாம், நான் அதைத்தான் செய்கிறேன்.