சென்னைக் கலைக்கூடமா, வேலூர்க் கோட்டையா, மொட்டைமாடித் தோட்டமா?

காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் அருங்காட்சியகம் ஆட்டோ தூரம்தான். வேலூர்ப் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினால் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். மொட்டைமாடிக்குப் போக ஒரு படிக்கட்டு ஏறினால் போதும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சனி, ஞாயிறு வந்தால் இந்த மூன்றில் எதற்குப் போவது என்ற பேச்சு எழாமல் இருக்காது. எங்கள் வீட்டிலும் எழுகிறது. மூன்றும் நல்லவைதான். ஆனால் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. செலவும் அலைச்சலும் ஒன்றல்ல, பிள்ளைகள் மனதில் தங்குவதும் ஒன்றல்ல.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலையைப் பார்க்கப் பழக்க வேண்டுமென்றால் முதலிடம் கோட்டைக்கு. தோட்டம் வாரம் தவறாமல் இருக்க வேண்டியது. சென்னை ஆண்டுக்கு இரண்டு முறை போதும், அதுவும் ஒரே ஒரு கூடத்தை மட்டும் பார்க்கிறதாக இருந்தால்.

சென்னைப் பயணம்

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அமராவதிச் சிற்பங்கள், வெண்கலக் கூடம், விலங்குகளின் எலும்புக்கூடுகள் என்று ஒரு நாளில் பார்த்து முடிக்க முடியாத அளவு இருக்கிறது. சிக்கலே அதுதான். டிக்கெட் எடுத்தாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் பரபரக்கிறோம். மூன்றாவது கூடத்திலேயே பிள்ளைகளுக்குக் கால் வலிக்கிறது. நாலாவது கூடத்தில் அவர்கள் தேடுவது தண்ணீர் பாட்டிலையும் கழிப்பறையையும்தான்.

அதனால் வெண்கலக் கூடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதற்கு ஒரு காரணம் ரயில் பாதையிலேயே இருக்கிறது. அரக்கோணம் தாண்டினதும் திருவாலங்காடு என்கிற சின்ன நிலையம் வரும். விரைவு ரயில் நிற்காமல் போய்விடும், பெயர்ப்பலகையை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். சிவன் காளியோடு போட்டிபோட்டு ஆடி, காலைத் தலைக்கு மேல் தூக்கி வென்ற ஊர். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லும் ஊர். அந்தத் திருவாலங்காட்டு நடராசர் வெண்கலம்தான் எழும்பூரில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் நேரில் பார்க்காமலே, புகைப்படங்களை வைத்துக்கொண்டு வியந்து எழுதிய சிலை அது. ரயிலில் கதையைச் சொல்லிக்கொண்டே போனால், சிலை முன்னால் நிற்கும்போது கேள்வி தானாக வரும். "அப்பா, கால தலைக்கு மேல தூக்குனாருன்னு சொன்னியே, இதுல தூக்கலையே?" தூக்கவில்லைதான். திருவாலங்காட்டுக் கோயிலில் ஊர்த்துவ தாண்டவம். இந்த வெண்கலத்தில் ஆனந்த தாண்டவம். சுற்றி இருக்க வேண்டிய சுடர் வளையமான திருவாசியும் இல்லை. அது இல்லாததால் உடம்பின் வளைவு மறைவில்லாமல் தெரிகிறது. இந்த ஒரு சிலைக்கு அரை மணி நேரம் கொடுத்தால் அந்தப் பயணம் பலித்துவிட்டது. வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் சனி, ஞாயிறு போகிறவர்களுக்குக் கவலையில்லை.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அதே நாளில் சேர்க்காதீர்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய இடம். ஓவியர்களே சேர்ந்து நிலம் வாங்கி, மெழுகு வைத்துத் துணிக்குச் சாயமேற்றுகிற பத்திக் போன்ற கைவினைகளை விற்ற வருமானத்தில் நின்றது. வரைவதில் ஆர்வமுள்ள, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய திறப்பு. சின்னப் பிள்ளைகளென்றால் இன்னும் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா மேல். தென்மாநில வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து எழுப்பியிருக்கிறார்கள், திண்ணையில் உட்காரலாம், களிமண்ணைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் இரண்டுமே கிழக்குக் கடற்கரைச் சாலையில். சென்ட்ரலில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் அங்கே போய்த் திரும்பி, மறுபடி காட்பாடி ரயில் பிடிப்பதற்குள் தாத்தா பாட்டிக்கு முடியாமல் போய்விடும்.

பெங்களூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லால்பாகில் குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நடக்கிற மலர்க் கண்காட்சியும், சித்ரகலா பரிஷத் ஜனவரியில் தெருவிலேயே நடத்துகிற சித்திரச் சந்தையும் நல்ல அனுபவங்கள். ஆனால் ஒரே நாளில் போய்வருவது குடும்பத்தோடு கடினம்.

கோட்டை

வேலூர்க்காரர்கள் கோட்டையைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். பூங்காவில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற இடமாகவே அது பல வீடுகளுக்கு இருக்கிறது. எனக்கு இதில் மெய்யான வருத்தம் உண்டு. வெளியூரிலிருந்து சிகிச்சைக்காக வந்தவர்கள் கல்யாண மண்டபத்தின் முன்னால் அண்ணாந்து நிற்கிறார்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததே இல்லை.

கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேசுவரர் கோயிலின் கோபுரம் தாண்டி உள்ளே போனதும் இடப்பக்கம் இருப்பது அந்த மண்டபம். பதினாறாம் நூற்றாண்டு விஜயநகரக் கால வேலை. முன்வரிசைத் தூண்களில் குதிரைகளும் யாளிகளும் முன்னங்கால் தூக்கிப் பாய்கின்றன, மேலே வீரர்கள், கீழே இன்னொரு கூட்டம். ஒரு தூணில் இருப்பதெல்லாம் ஒரே கல்லிலிருந்து. உள்ளே விதானத்தில் தாமரையும் அதைச் சுற்றிக் கிளிகளும். இந்தக் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்து, 1981-இல்தான் மறுபடி எழுந்தருளினார். என் மாமனார் தலைமுறையினருக்கு அது கண் முன்னால் நடந்தது. அவர்களைக் கூட்டிக்கொண்டு போனால், "அப்போ எப்படி இருந்துச்சு மாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். எழும்பூர்க் கூடத்தில் விளக்கப் பலகையைப் படித்துச் சொல்ல நாம் வேண்டும். இங்கே சொல்லத் தாத்தாவே இருக்கிறார். இந்த ஒரு வேறுபாடே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கோட்டையின் இன்னொரு பலம், எல்லாவற்றையும் இன்றே பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு தடவைக்கு ஒரு தூண். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஆளுக்கு ஒரு யாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வரைந்து முடித்ததும் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால், ஒன்றின் பிடரி போல இன்னொன்றின் பிடரி இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்த மாதம் வந்தால் அதே யாளி அதே இடத்தில் இருக்கும், பார்க்கிற கண் கூர்மையாகியிருக்கும். சென்னைக் கூடத்தில் இப்படித் திரும்பத் திரும்பப் பார்க்க நம்மால் முடியாது.

கோட்டைக்குள்ளேயே இருக்கிற அரசு அருங்காட்சியகம் சிறியது. பிள்ளைகளுக்கு அந்த அளவே சரி. வட ஆர்க்காட்டு நடுகற்களைப் பொறுமையாகப் பாருங்கள். ஆநிரை மீட்டு விழுந்த வீரனுக்கு ஊர் எடுத்த கல், கையில் வில்லும் உடம்பில் அம்புமாக. இலங்கையில் கண்டியின் கடைசி அரசர் விக்கிரமராஜசிங்கர் ஆடிய தந்தச் சதுரங்கக் காய்களும் இங்கே இருக்கின்றன. அவர் 1816 முதல் 1832-இல் இறக்கும்வரை இந்தக் கோட்டையில் சிறையிருந்தவர். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் அவருடைய அடக்க இடம். காய்களைப் பார்த்துவிட்டு அன்று மாலையே முத்து மண்டபத்துக்குப் போனால், பள்ளிப் புத்தகத்தில் இரண்டு வரியாக இருந்த வரலாறு ஓர் ஆளாக மாறிவிடும். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியும் இதே மதிலுக்குள் நடந்ததுதான். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையோடு இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. அன்றைக்குக் கிளம்பி ஏமாறாதீர்கள்.

குறையும் உண்டு. வெயில். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கு மேல் கோயில் கல்தரையில் கால் வைக்க முடியாது. அந்த மாதங்களில் விடியற்காலை, இல்லையென்றால் வேண்டாம். நல்ல கழிப்பறை வசதியில் சென்னைதான் முன்னே நிற்கிறது. மாலையில் கூட்டமும் ஹாரன் சத்தமும் அதிகம்.

கோட்டை பழகியபின் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். விரிஞ்சிபுரத்து மதிலின் அழகு பழமொழியிலேயே இருக்கிறது. அந்தக் கோயிலில் நிழலை வைத்து நேரம் பார்க்கிற கல்லும் உண்டு, குச்சி வைத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. வள்ளிமலையில் முருகனுக்கும் வள்ளிக்கும் போகிறவர்கள் பாறையில் செதுக்கியிருக்கிற சமணத் திருமேனிகளையும் பார்த்துவிட்டு வரலாம். சோளிங்கரைத் தாண்டி மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்து பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த விஷ்ணு கோயில் இருக்கிறது. சித்திரகாரப்புலி என்று தனக்கே பட்டம் வைத்துக்கொண்ட அரசன் அவன். ஓவியம் வரைகிற பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல ஆள் யார்?

ஸ்ரீபுரம், ஏலகிரி, அமிர்தி எல்லாம் உறவினர் வந்தால் கூட்டிப்போகிற இடங்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஒப்பீட்டில் அவற்றுக்கு இடமில்லை, அவ்வளவே.

மொட்டைமாடி

தோட்டத்தைப் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சேர்க்க வேண்டும். எங்கள் வேலூர் வெயிலையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் வைத்துக்கொண்டு மாடியில் ஒரு கத்தரிச் செடியைக் காய்க்க வைப்பது எளிதான வேலை இல்லை. அதனாலேயே குடும்பம் முழுக்க அதில் இறங்குகிறது.

முதலில் நடவேண்டியது எதுவென்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: நம்ம ஊர் முள்ளு கத்தரி. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற இந்தக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில், இலையில், தண்டில் எல்லாம் முள். ஆம்பூர் பிரியாணியோடு வைக்கிற எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு இந்தச் சதைப்பற்று தனி. ஆடிப்பட்டத்தில் விதைத்து, ஒரு மாதத்து நாற்றைப் பைக்கு மாற்றினால் அதிலிருந்து சுமார் இரண்டு மாதத்தில் காய் பறிக்கலாம். செம்மண், தென்னைநார்க்கழிவு, மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பையின் அடியில் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் ஐப்பசி மழை ஒன்றும் செய்யாது. நுனித்தண்டு திடீரென்று வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. அந்த நுனியை உடனே கிள்ளி எறிந்துவிட வேண்டும். சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலை அது, முள்ளைப் பார்த்துத் தொடச் சொல்லிவிட்டால் போதும். பொறுமை குறைவான பிள்ளைக்குச் சிறுகீரை விதைத்துக் கொடுங்கள். மூன்று நாலு வாரத்தில் பறித்துவிடலாம்.

செலவில் தோட்டத்தை மற்ற இரண்டாலும் நெருங்க முடியாது. நாலு பேர் ஒரு முறை சென்னைக்குப் போய்வருகிற பணத்தில் ஒரு பருவத்துக்கே பை, மண், விதை வாங்கிவிடலாம். பெரியவர்களுக்கும் இதுதான் வசதி. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி கீரை ஆய்ந்துகொண்டு, "அந்தத் தொட்டியில தண்ணி நிக்குது பாரு கண்ணு" என்று எல்லாவற்றையும் நடத்துவார்.

கலைக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்டால், மாடியில் பூசணிக் கொடியின் சுருளைப் பார்த்துப் பழகிய பிள்ளை, மண்டபத்தூணில் ஓடுகிற கொடிவேலையைச் சும்மா கடந்து போவதில்லை. சூரியகாந்தி விதைக்கு வந்த கிளியை விரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு விதானத்துக் கிளியின் அலகு சரியாக இருக்கிறதா என்று சொல்லத் தெரிகிறது. இதை நான் எங்கள் பிள்ளைகளிடமே பார்த்தேன். தோட்டத்தைக் கோட்டைக்குப் போட்டியாக வைக்காமல் கூட்டாளியாக வைக்கிறேன் என்றால் இதனால்தான்.

ஆனால் சென்னைக்கு அது போட்டிதான். தோட்டத்துக்கு விடுமுறை கிடையாது. கோடையில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். விடியற்காலை ரயிலுக்குக் கிளம்பி இரவு திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை, சித்திரை வெயிலில் செடி சுருண்டுவிடும். ஐம்பது சதவீத நிழல்வலையும், பைமேல் காய்ந்த இலை மூடாக்கும் போட்டால் ஒரு நாள் தாங்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவது அதைவிட நல்லது. திரும்பி வந்ததும் நாலு கத்தரிக்காய் கொடுத்தால் அவருக்கும் மகிழ்ச்சி.

மாதக் கணக்காகச் சொன்னால் இப்படி வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை காலை எல்லாம் மாடிக்கு. மாதத்தில் ஒரு ஞாயிறு விடியலில் கோட்டை, ஒரு தூண், பிறகு டிபன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை விரிஞ்சிபுரமோ வள்ளிமலையோ. சென்னையைத் தை மாதத்துக்கும் ஆவணிக்கும் ஒதுக்குங்கள், வெயில் தணிந்திருக்கும், செடிகளும் தாங்கும். கைக்குழந்தை இருக்கிற வீடுகள் சென்னையை மூன்று நாலு வருடம் தள்ளிப்போடுவதே நல்லது. விரிஞ்சிபுரத்துக்குப் போகிற அன்று அங்கேயே இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்தில் நாற்றும் விதையும் பற்றிக் கேட்டுவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், அதனால் அந்தப் பயணத்தைப் பள்ளி விடுமுறையில் வருகிற ஒரு வேலைநாளில் வைத்துக்கொள்ளுங்கள்.