மயக்கத்துக்கென்று தனி ஓபி: மாமியாரைக் கூட்டிப்போனதில் எது உருப்படி, எது வீண்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் இதய மருத்துவமனையில், வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் மட்டும் மயக்கத்துக்கென்று தனி ஓபி பார்க்கிறார்கள். பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால். கூட்டிப்போனது என் மாமியாரை. அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை பல வருஷமாக உண்டு, பிரஷர் பின்னால் சேர்ந்துகொண்டது. எப்போதாவது மயங்கிச் சரிவார், அரை நிமிஷத்தில் கண்ணைத் திறந்து "எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அடிக்கடி வந்திருந்தால் பதறி ஓடியிருப்போம். எப்போதாவது என்பதால் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டியாயிற்று. நாத்தனாருக்கு அது பித்தம். என் வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை விரதம். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சந்தேகமே இல்லை, கண்ணேறு.

நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அம்மன் சன்னதியில் தீபாராதனைக்கு நின்றபோது விழுந்தது கொஞ்சம் பெரிய விழுகை. கை லேசாக வெட்டி வெட்டி இழுத்தது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் சோடாவைத் தெளித்தார், பின்னால் நின்ற பாட்டி "அம்மன் எறங்கிட்டா" என்று குலவையே போட்டுவிட்டார். அந்த வாரமே ஒரு ஸ்கேன் சென்டரில் 'மயக்கம் பேக்கேஜ்' என்று மூளைக்கு சிடி, கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் எல்லாம் எடுத்தோம். தடிமனான ஃபைல் கையில் வந்தது. எல்லாம் நார்மல். அத்தை மறுபடியும் விழுந்தார்.

இனி இந்த ஓபிக்கு வருவோம். ஃபோனில் டோக்கன் போடும்போதே இரண்டு விஷயம் சொன்னார்கள். விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் கூட வர வேண்டும். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்து வர வேண்டும். எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. டாக்டர் அந்த ஸ்கேன் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு என்னிடம்தான் முதலில் கேட்டார். நின்றுகொண்டிருந்தாரா, படுத்திருந்தாரா? முன்கூட்டியே கண் இருட்டியதா, பட்டென்று விழுந்தாரா? முகம் வெளுத்ததா, நீலம் பாரித்ததா? நாக்கின் ஓரத்தைக் கடித்துக்கொண்டாரா? எழுந்ததும் ஆள் அடையாளம் தெரிந்ததா? நெஞ்சு படபடத்ததா? வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது?

கை வெட்டியதைச் சொன்னதும் வலிப்பு என்று எழுதுவார் என்று நினைத்தேன். எழுதவில்லை. மூளைக்கு ரத்தம் சில நொடி குறைந்தாலே கை கால் அப்படித் துடிக்கும் என்றார். வலிப்பென்றால் தெளிந்த பிறகும் நெடுநேரம் குழப்பம் இருக்கும், நாக்கின் பக்கவாட்டில் கடி இருக்கும். அத்தையோ விழித்ததும் கேட்ட முதல் கேள்வி "என் செருப்பு எங்க?"

சர்க்கரை இறங்கியிருக்குமோ என்பதற்கும் பதில் வந்தது. சர்க்கரை இறங்கினால் வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் என்று படிப்படியாக வரும். நினைவே போய்விட்டால், சர்க்கரையை ஏற்றாமல் அரை நிமிஷத்தில் தானாகத் தெளிந்து எழுவது அதன் குணம் இல்லை. ஆனாலும் குளுக்கோமீட்டரில் ஒருமுறை குத்திப் பார்த்துவிடுங்கள் என்றார். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் தண்ணீரோ சர்க்கரையோ ஊற்றக் கூடாது. தரையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் போதும். தூக்கி உட்காரவைப்பதுதான் நம்மூரில் எல்லோரும் செய்வது, அது மயக்கத்தை நீட்டிக்கும்.

அடுத்து நர்ஸ். இந்த விமர்சனத்தை எழுதுவதே அந்தப் பெண்ணுக்காகத்தான். அத்தையைப் படுக்கவைத்து, பேச்சுக் கொடுக்காமல், கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் காத்திருந்து பிரஷர் பார்த்தார்: 158/84. பிறகு எழுப்பி நிற்கவைத்து, கையிலிருந்த பட்டையைக் கழற்றாமல், ஒரு நிமிஷத்தில் ஒருமுறை, மூன்று நிமிஷத்தில் ஒருமுறை. 128/72. அப்புறம் 114/68. "கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது" என்றார் அத்தை. உடனே படுக்கவைத்துவிட்டார்கள். எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே கணக்கில் எடுப்பார்களாம். அத்தைக்கு மேல் அளவு 44 இறங்கியிருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ இடத்தில் பிரஷர் பார்த்திருக்கிறோம், எல்லாமே உட்காரவைத்து. நிற்கவைத்துப் பார்த்த முதல் ஆள் இவர்.

எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுமாம். நரம்புகள் உடனே ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத் துடிப்பையும் கூட்டி அதைச் சரிக்கட்டும். நாள்பட்ட சர்க்கரை அந்த நரம்புகளையும் கெடுக்கும். அதற்கு மேலே மாத்திரைகள். டாக்டர் அட்டைகளை மேஜையில் பரப்பினார்: பிரஷருக்கு ஒருவர் எழுதியது, கால் வீக்கத்துக்கு இன்னொருவர் எழுதிய நீர் மாத்திரை, பாத எரிச்சலுக்கு மூன்றாமவர் எழுதிய அமிட்ரிப்டிலின். மூன்றுமே நிற்கும்போது பிரஷரை இறக்கக்கூடியவை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வெறும் வயிறு, கோயில் கூட்டம், புழுக்கம், நெடுநேரம் நிற்பது எல்லாம் சேர்ந்தால் அம்மன் தனியாக வந்து இறங்க வேண்டியதில்லை.

ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு நடுவில் நின்று போவதாலோ, வால்வு சுருங்கியிருப்பதாலோ மயக்கம் வரலாம், அதுதான் ஆபத்தான வகை என்பதால் இவை இரண்டும் அவசியம் என்றார். அத்தைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சந்தேகத்துக்கு, இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதிவு செய்கிற ஹோல்டர் கருவியும் மாட்டினார்கள். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, மார்பில் ஒயர்கள், ஒரு முழு நாள். அன்றைக்குக் குளிக்கக் கூடாது, அத்தைக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஒட்டு வேறு அரித்தது. மாதத்தில் ஒருமுறை வருகிற மயக்கம், கருவி மாட்டிய நாளில்தான் வர வேண்டும் என்று கட்டாயமா என்ன? டாக்டரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார், நார்மல் என்று வந்தாலும் அதைவைத்து முடிவுகட்ட முடியாது என்று. ஈசிஜியில் உறுத்தல் இருந்து மயக்கமும் தொடர்ந்தால், தோலுக்கு அடியில் வைக்கும் சின்னப் பதிவுக் கருவி இருக்கிறது, மூன்று வருஷம்வரைகூட ஓடும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஹோல்டருக்குக் கொடுத்த காசு எனக்குப் பாதி மனசுதான்.

டில்ட் டேபிள் என்று ஒரு கட்டில் அங்கே இருக்கிறது. பெல்ட் போட்டுக் கட்டி, 60, 70 டிகிரிக்குச் சாய்த்து நிறுத்தி, மயக்கம் வருகிறதா என்று அரை மணி நேரம் போலக் கவனிப்பார்கள். வரவில்லையென்றால் நாக்குக்கு அடியில் ஒரு மருந்து கொடுத்து மறுபடி பார்ப்பார்கள். லண்டனில் 1986இல் இந்தச் சோதனையைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியதாம். நானே வாய்விட்டுக் கேட்டேன், எடுத்துவிடலாமா என்று. "காரணம் கையில இருக்கும்போது எதுக்கும்மா கட்டி நிறுத்தணும்?" என்றார். இயந்திரத்தை வாங்கிப்போட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்கிற ஆஸ்பத்திரியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பள்ளி அசெம்பிளியிலும், ஊசியைப் பார்த்தும் விழுகிற பிள்ளைகளுக்குக்கூட, கதை தெளிவாக இருந்தால் இது தேவைப்படாதாம். கதை பிடிபடாதவர்களுக்குத்தான். அந்த ஸ்கேன் சென்டர் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது. வெறும் மயக்கம் மட்டும்தான், நரம்புப் பரிசோதனையில் கோளாறு இல்லை என்றால் மூளைக்கு ஸ்கேன் வேண்டாம் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012லேயே சொல்லியிருக்கிறது.

மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தி, ஒன்றைக் குறைத்து, ஒன்றை நேரம் மாற்றினார். எது என்று எழுத மாட்டேன், படித்துவிட்டு யாராவது தானாக நிறுத்தினால் பாவம் எனக்கு. மற்றவை வீட்டு வேலை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறோம். காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தை ஆட்டி, ஒரு பெரிய செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் நிற்பார். கோயிலில் கண் இருட்டினால் காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்க வேண்டும், முடியாவிட்டால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிட வேண்டும். உப்பு கூடச் சேர்க்கச் சொல்வது சிலருக்குத்தான், அத்தை மாதிரி பிரஷர் உள்ளவர்கள் தாங்களாகத் தொடங்கக் கூடாது. விரதம் மட்டும் பேரத்தில் முடிந்தது: பழமும் மோரும் உண்டு.

குறைகள். டோக்கன் நேரத்துக்கும் கூப்பிடும் நேரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். மாற்றிய மாத்திரை விவரத்தை மற்ற டாக்டர்களுக்கு நாம்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பில் கவுண்டர். மயக்கம் வருகிறது என்று வந்தவர்களை ஃபேன்கூட இல்லாத இடத்தில் வரிசையில் நிற்கவைக்கிறார்கள்! எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் குடியா முழுகிவிடும்? ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன்.

இந்த ஓபியின் நாள் வரட்டும் என்று எல்லோரும் காத்திருக்கவும் வேண்டாம். ஓடும்போதோ மாடி ஏறும்போதோ விழுந்தால், படுத்திருக்கும்போதே நினைவு போனால், படபடப்போ நெஞ்சு வலியோ கூட வந்தால், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் இருந்தால், விழுந்து தலையில் அடிபட்டால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் காலையிலேயே ஃபோன் போட்டுவிடுங்கள், மத்தியானத்துக்குள் டோக்கன் தீர்ந்துவிடுகிறது. மாத்திரை டப்பாவோடு போங்கள். விழுந்ததை யாராவது மொபைலில் எடுத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள், டாக்டர் அதைத்தான் முதலில் கேட்கிறார்.