ஆர்க்கிட் எண்: இனிஷியல் வைத்த பெயருக்கு நல்ல துணை

ஆய்வு மாணவருக்குக் கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. பல்கலைக்கழக மின்னஞ்சல், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் காட்டும் கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ் பக்கங்கள், டிஜிலாக்கர், படிப்பு மதிப்பெண் வரவுகளுக்கான ஏபிசி எண் என்று பட்டியல் நீள்கிறது. தஞ்சை, திருவாரூர், கும்பகோணம் பக்கம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர்கள் இவற்றில் ஒன்றையாவது முதலில் ஒழுங்குபடுத்த நினைத்தால், அது ஆர்க்கிட்டாக (ORCID) இருக்கட்டும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண்ணும், தன் கட்டுரைகளைப் பட்டியலிட ஒரு பக்கமும் தரும் இணையச் சேவை இது. பல்கலைக்கழக மின்னஞ்சல் நிறுவனத்தின் சொத்து. ஸ்கோபஸ் பக்கத்தை மென்பொருளே உருவாக்குகிறது. ஆர்க்கிட் மட்டும்தான் முழுக்க ஆய்வாளரின் கையில் இருக்கிறது. வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் எண் மாறாது.

2012 அக்டோபரில் தொடங்கிய, லாப நோக்கமில்லாத அமைப்பு இது. தனிநபருக்குக் கட்டணமே கிடையாது, ஆதாரும் கேட்பதில்லை. “ஆர்க்கிட் எடுத்துத் தருகிறோம்” என்று யாராவது பணமோ ஆதார் நகலோ கேட்டால் கொடுக்க வேண்டாம். பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் இருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

கிடைப்பது 16 இலக்க எண், நான்கு நான்காகப் பிரித்து எழுதுவார்கள். கடைசி இலக்கம் முந்தைய பதினைந்தையும் வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், ஓர் எண்ணைத் தவறாகத் தட்டினால் கணினி கண்டுபிடித்துவிடும். அந்த இடத்தில் சிலருக்கு எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்ற எழுத்து வரும். அதைப் பிழை என்று நினைத்து விண்ணப்பத்தில் விட்டுவிடக் கூடாது. அதுவும் எண்ணின் பகுதிதான்.

நம்மவர்களுக்கு இந்தச் சேவை பெரிதும் உதவுவது பெயர் விஷயத்தில். சுப்பிரமணியன் மகன் முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தமிழ்க் கட்டுரையில் அவர் சு. முருகேசன், ஆங்கிலக் கட்டுரையில் எஸ். முருகேசன், சில இதழ்களில் முருகேசன் எஸ். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டால், அதைப் பார்த்து இதழ் போடும் மேற்கோள் “சுப்பிரமணியன், எம்.” என்று வரும். மகன் எழுதிய கட்டுரை அப்பா கணக்கில் போய்விடும். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாற்றிக்கொண்ட பெண்களுக்கு இது இன்னும் ஒரு சுற்று. ஆர்க்கிட்டில் குடும்பப் பெயர் கட்டாயமில்லை. சொந்தப் பெயரை முதல் கட்டத்தில் போட்டு, மற்றதைக் காலியாகவே விடலாம். கட்டுரைகளில் எந்த வடிவம் வர வேண்டுமோ அதை “பப்ளிஷ்டு நேம்” கட்டத்தில் எழுதுங்கள். மற்ற வடிவங்கள் எல்லாவற்றையும், தமிழ் எழுத்தில் உள்ளது உட்பட, “ஆல்ஸோ நோன் ஆஸ்” பகுதியில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். முனைவர், டாக்டர் போன்ற பட்டங்களைப் பெயர்க் கட்டத்தில் போடக் கூடாது. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்துவிட்டால், பிறகு எல்லா இதழுக்கும் அதையே கொடுக்கலாம்.

மின்னஞ்சலில்தான் பலருக்குக் கணக்கு கெடுகிறது. கல்லூரி கொடுத்த முகவரியை மட்டும் வைத்துப் பதிகிறார்கள். வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்து சில மாதங்களில் அந்த முகவரி மூடப்பட்டால், கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் போய்ச்சேர இடமில்லை. சொந்த முகவரியை முதன்மையாக வைத்து, கல்லூரி முகவரியைக் கூடுதலாகச் சேர்ப்பதே சரி. ஒரே கணக்கில் பல முகவரிகள் வைக்க ஆர்க்கிட் அனுமதிக்கிறது. பதிந்ததும் வரும் உறுதிப்படுத்தும் கடிதத்தைத் திறந்து சொடுக்காவிட்டால் விவரங்களைத் திருத்த முடியாது. அது ஸ்பாம் பெட்டியில் விழுந்திருக்கலாம், அங்கேயும் பாருங்கள். பகுதிநேர ஆய்வாளர் பலருக்கு நிறுவன முகவரியே இருக்காது. கூகுள் ஸ்காலரில் அது இல்லையென்றால் பக்கம் தேடலில் தெரிவதே சிக்கல். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதிகிறவர்களுக்கு ஒன்று: கடைக்காரரின் மின்னஞ்சலையோ செல்பேசி எண்ணையோ எந்தக் கணக்கிலும் ஏற்ற விடாதீர்கள். இன்காக்னிடோ சன்னலில் திறந்து, உலாவி கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, லாக் அவுட் செய்த பிறகே எழுந்திருங்கள். சொந்தக் கைபேசியிலேயே பதியலாம் என்பதால் இதற்காகக் கடைக்குப் போகும் அவசியமும் இல்லை.

படிப்பு விவரத்தில் நிறுவனத்தைக் கீழே விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம். கும்பகோணம் அரசு ஆண்கள் கல்லூரியில் ஆய்வு செய்கிறவர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தை நிறுவனமாகப் போட்டு, கல்லூரியையும் துறையையும் துறைக் கட்டத்தில் எழுதலாம். கௌரவ விரிவுரையாளர் பணி இருந்தால் அது வேலைப் பகுதிக்குப் போகும், படிப்புக்கு அல்ல.

கட்டுரைகளைச் சேர்க்கும் இடத்தில் நிதானம் வேண்டும். டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) உள்ள கட்டுரைக்கு அந்த எண்ணை ஒட்டினால் தலைப்பு, இதழ், ஆண்டு எல்லாம் தானே வந்துவிடும். இதழுக்குக் கட்டுரை அனுப்பும்போதே ஆர்க்கிட் மூலம் லாகின் செய்திருந்தால், வெளியான பின் டிஓஐ பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃப் அனுமதி கேட்டு ஆர்க்கிட் இன்பாக்ஸில் செய்தி அனுப்பும். ஒருமுறை சம்மதித்தால் பிறகு வரும் கட்டுரைகள் தாமே ஏறும். ஆனால் பல இதழ்கள் தொடர்புக்குரிய ஆசிரியரின் (இதழோடு தொடர்பு கொள்பவரின்) எண்ணை மட்டுமே கட்டாயமாகக் கேட்கும். நெறியாளர் அனுப்பும் கட்டுரையில் உங்கள் எண்ணும் சேர்ந்திருக்கிறதா என்று அனுப்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியான பின் சேர்ப்பது பெரும்பாடு.

கூகுள் ஸ்காலரிலிருந்து பிப்டெக் கோப்பாக (நூல் விவரப் பட்டியல் கோப்பு) இறக்கி மொத்தமாக ஏற்றுவது சுலபமாகத் தெரியும். அந்தக் கோப்பில் பொதுவாக டிஓஐ இருக்காது. அதே கட்டுரை கிராஸ்ரெஃப் வழியாகவும் வந்தால் இரண்டும் ஒன்றென்று ஆர்க்கிட்டுக்குத் தெரியாமல் இரட்டையாக நிற்கும். அதனால் டிஓஐ உள்ளவற்றை முதலில் சேர்த்துவிட்டு, மீதியை மட்டும் கோப்பிலிருந்து ஏற்றுங்கள். ஸ்கோபஸ் இணைப்பில் இன்னும் கவனம் தேவை. அது ஒரே இனிஷியலும் பெயரும் உள்ள வேறு ஆட்களின் பக்கங்களையும் சேர்த்துக் காட்டும். தலைப்புகளைப் படித்துப் பார்த்து உங்களுடையதை மட்டும் தேர்ந்தெடுங்கள். அடுத்தவர் கட்டுரை உங்கள் பக்கத்தில் இருந்தால் நேர்காணலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

தமிழ்த் துறையினருக்கு வேலை கூடுதல். கருத்தரங்கக் கட்டுரைகள் பெரும்பாலும் ஐஎஸ்பிஎன் (நூலுக்கான எண்) உள்ள தொகுப்பு நூலாக வருகின்றன, கட்டுரைக்கென டிஓஐ கிடையாது. கையால்தான் சேர்க்க வேண்டும். அப்போது ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு எதிரே உறவு என்ன என்று கேட்கும் இடத்தில் “செல்ஃப்” என்று விட்டுவிட்டால், அந்த நூலே உங்களுடையது என்று பொருளாகிவிடும். அதே தொகுப்பில் இரண்டு கட்டுரை எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே படைப்பின் இரு வடிவங்களாக ஒட்டிவிடும். “பார்ட் ஆஃப்” (அதன் ஒரு பகுதி) என்று மாற்றுங்கள். இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணுக்கும் அதுவேதான். தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்து, ஆங்கிலத் தலைப்பை மொழிபெயர்ப்புத் தலைப்புக் கட்டத்தில் கொடுக்கலாம். டிடிபி மையத்தில் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த தலைப்பை அப்படியே ஒட்டினால் குழப்பமான ஆங்கில எழுத்துகளாகத்தான் விழும். முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. தமிழ் இடைமுகம் இல்லை, ஆங்கிலத்தில்தான் பார்த்துச் செய்ய வேண்டும். தமிழ் இதழ்கள் பலவும் டிஓஐ வாங்காததால் தானாகச் சேரும் வசதி தமிழ் ஆய்வாளருக்குப் பாதிகூடப் பயன்படுவதில்லை. கையால் சேர்த்த கட்டுரையை யாரும் சரிபார்ப்பதில்லை, அதனால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அச்சுப் பிரதியைப் பத்திரப்படுத்துவது கட்டாயம். மேற்கோள் எண்ணிக்கை வேண்டுமானால் ஸ்காலர் பக்கம்தான் போக வேண்டும்.

பாதுகாப்பில் குறை சொல்ல அதிகமில்லை. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினால் ஆதென்டிகேட்டர் செயலி தரும் ஆறு இலக்க எண் இல்லாமல் யாரும் நுழைய முடியாது. இயக்கும்போது காட்டும் மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்துச் சான்றிதழ் கோப்போடு வையுங்கள். அவற்றைக் கைபேசியிலேயே படம் பிடித்து வைத்தால், கைபேசி தொலையும் நாளில் அவையும் போய்விடும். நெறியாளரோ நண்பரோ பக்கத்தைப் புதுப்பிக்க உதவுவதாக இருந்தால் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். “ட்ரஸ்டட் இண்டிவிஜுவல்ஸ்” பகுதியில் அவரது ஆர்க்கிட் கணக்கைச் சேர்த்தால் அவர் தன் லாகினிலேயே உதவலாம், வேண்டாதபோது நீக்கிவிடலாம். ஒவ்வொரு பதிவுக்கும் எல்லோருக்கும், நம்பிய அமைப்புகளுக்கு, எனக்கு மட்டும் என்று மூன்று பார்வை நிலைகள் உண்டு. கட்டுரைகள் “எல்லோருக்கும்” என்று இல்லாவிட்டால் தேர்வுக் குழு திறந்து பார்க்கும்போது வெறும் பக்கம்தான் தெரியும்.

முன்பே ஓர் எண் எடுத்து மறந்து இரண்டாவதும் எடுத்தவர்கள், வைத்துக்கொள்ளப் போகும் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் இரட்டைப் பதிவை நீக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். நீக்கிய எண்ணைத் திறப்பவர் தானாக வைத்துக்கொண்ட எண்ணுக்குப் போவார். ஆனால் நீக்கிய கணக்கில் இருந்த கட்டுரைகள் கூட வராது, அழிந்துவிடும். அவற்றை முதலில் பிப்டெக் கோப்பாக இறக்கி, மற்ற கணக்கில் ஏற்றிவிட்டு நீக்குங்கள்.

ஆய்வேடு சோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஏறியதும் அதற்கு 10603 என்று தொடங்கும் நிரந்தர முகவரி கிடைக்கும். ஆர்க்கிட்டில் ஆய்வேடு என்ற வகையைத் தேர்ந்து, அடையாள வகையில் “ஹேண்டில்” என்பதைத் தொட்டு அந்த எண்ணைப் போட்டுவிடுங்கள். உறவு இங்கே “செல்ஃப்” தான்.