ஸ்வீட்ஹார்ட் டேபிள்: ஓக்கா, பைனா?

போன ஓகஸ்டில் தங்கச்சியின் ரிசெப்ஷன், கனடாவில், ஸ்காபரோவில் ஒரு ஹோலில். தோழன், தோழி என்று பதினாலு பேரை வரிசையாக இருத்துகிற நீட்டு மேசை வேண்டாம், தாங்கள் ரெண்டு பேரும் மட்டும் இருக்கிற ஸ்வீட்ஹார்ட் டேபிள் போதும், அதுவும் துணி மூடாத மர மேசையாக இருக்கவேணும் என்று அவள் முதலே சொல்லிவிட்டாள். நல்லதுதான். தோழன்மாரின் மனிசிமார் வேறெங்கோ தனியாக இருந்து முழிக்கத் தேவையில்லை. எந்த மேசை என்பதில்தான் எங்கள் வீட்டில் மூன்று கிழமை போனது.

ஹோல்காரரின் மேசை மண்டபத்தோடு சேர்ந்தே வரும். 72 அங்குல நீளம், 30 அங்குல அகலம், கால் மடிக்கிற பிளாஸ்டிக் மேசை. மேலே தரை தொடும் துணி. அதில் ஒரே ஒரு பெரிய நன்மை உண்டு: பொம்பிளை ஹீல்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு இருக்கலாம், ஒருவருக்கும் தெரியாது. மற்றபடி தங்கச்சி ஆசைப்பட்டது மரம். ஆகவே அது முதல் நாளே கழிந்தது.

மிச்சம் ரெண்டு: வாடகைக்கு எடுக்கிற ஓக் மேசை, நாங்களே வாங்கி மினுக்குகிற பைன் மேசை.

பார்வைக்கு ஓக்தான். அந்த ரேகை பைனுக்கு எந்தக் காலத்திலும் வராது. உறுதியிலும் கிட்ட நிற்க முடியாது. மரத்தின் கடினத்தை அளக்கும் ஜங்கா கணக்கில் சிவப்பு ஓக் 1290, கிழக்கத்தைய வெள்ளை பைன் 380. நிகத்தால் அழுத்தினாலே பைனில் தடம் விழும். இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் நானும் ஓக்குக்கே கை தூக்கியிருப்பேன்.

ஆனால் எங்கள் ரிசெப்ஷன் நடக்கிற விதத்தை யோசியுங்கள். வெள்ளைக்காரர் வீட்டுக் கலியாணத்தில் அந்த ரெண்டு பேரும் மேசையில் இருந்து சாப்பிடுவார்கள், பேச்சுக் கேட்பார்கள், பிறகு ஆடப் போய்விடுவார்கள். மேசை இருந்த இடத்தில் இருக்கலாம். எங்களுக்குச் சாப்பாடு முக்கால் மணித்தியாலம், படம் எடுப்பு ரெண்டு மணித்தியாலம். கையில் என்வலப்போடு முழுச் சனமும் வரிசையில் வரும். பெரியம்மா குடும்பம் ஏறினால் பதினெட்டுப் பேர். அந்த நேரம் மேசை எங்கே போகும்?

ஒரு சிநேகிதனின் ரிசெப்ஷனில் இதைக் கண்ணாலே கண்டேன். எட்டடி ஓக் மேசை, பார்க்க ராசா வீட்டுச் சாமான் மாதிரி. சாப்பாடு முடிந்து தள்ளப் போனால் அசையவில்லை. மேடையில் வேறு இடமும் இல்லை. கடைசியில் எல்லோரும் மேசைக்குப் பின்னாலேயே நெருக்கிக்கொண்டு நின்று படம் எடுத்தார்கள். அல்பத்தைத் திறந்தால் ஒவ்வொரு படத்திலும் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு பலகை. பொம்பிளையின் காஞ்சிபுரம் சீலைக்குக் கரை இருந்ததா இல்லையா என்றே தெரியாது. அந்தச் சீலை எடுக்க அவர்கள் சென்னைக்குப் போய் வந்தவர்கள்!

அதனால் நான் பார்த்தது பாரம், பாரம் மட்டும்தான். ரெண்டு பேருக்கு 60 அங்குல நீளம், 30 அங்குல அகலம் தாராளம். ஒன்றரை அங்குலத் தடிப்பில் அந்த மேற்பலகை ஓக் என்றால் கிட்டத்தட்ட 31 கிலோ. வெள்ளை பைன் என்றால் 18. கால், சட்டம் எல்லாம் சேர்ந்தால் இடைவெளி இன்னும் கூடும். கேள்வி, கோட்டு சூட்டோடு ரெண்டு ஆம்பிளையள் வேர்க்காமல் தூக்கலாமா என்பதுதான். பைனைத் தூக்கலாம். அன்றைக்கு மாமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். டிஜே அடுத்த பாட்டுக்குப் போகுமுன் மேசை திரைக்குப் பின்னால் போய்விட்டது.

வாடகை ஓக்கை நான் தூக்கிப் பார்த்தது சிநேகிதனின் ரிசெப்ஷன் நடந்த அந்த ஒரு இரவுதான். அதைவிட மெல்லிசான ஓக் மேசை வாடகைக்குக் கிடைத்தால் கணக்கு மாறலாம். உங்கள் ஹோலில் படம் எடுக்கத் தனி மேடையும் சோபாவும் இருந்தால் இந்த வாதமே விழுந்துபோகும். பேசாமல் ஓக்கை எடுங்கள்.

பைன் வாங்குகிறவர்களுக்கு ரெண்டு மூன்று விஷயம். பூச்சில்லாத மேசையை வாங்கி, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பொலியூரித்தேன் வார்னிஷ் மூன்று தடவை அடித்தோம். காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் முழுதாக இறுக மூன்று கிழமை விடவேணும்; கலியாணத்துக்கு முதல் நாள் அடித்தால் மேசைவிரிப்பு ஒட்டிக்கொண்டு வரும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூச நினைத்தால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெள்ளைப் பெயின்ட் பிரியர்கள் கணுக்களுக்கு முதலில் ஷெல்லாக் என்கிற அரக்குப் பூச்சு அடிக்கவேணும், இல்லாவிட்டால் பிசின் மஞ்சளாக மேலே ஊறும். மேற்பலகையைச் சட்டத்தோடு அசையாமல் திருகிவிடவும் கூடாது. இங்கே கோடையில் மரம் அகலும், பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டதும் சுருங்கும். விலக இடமில்லாவிட்டால் நடுவே வெடிக்கும்.

சோடிப்பதில் தங்கச்சியும் நானும் சண்டை பிடித்த இடம் குத்துவிளக்கு. பூச்சு எவ்வளவு நல்லதென்றாலும் எண்ணெய் விளக்கை மரத்தில் நேரே வைக்க எனக்கு மனமில்லை. ஹோல்காரரும் திறந்த சுடர் கூடாது என்றார். பித்தளைத் தட்டில் சின்ன விளக்கு, திரி இருக்கிற இடத்தில் பற்றரி லைட் என்று சமாதானம் ஆனோம். நடுவில் 14 அங்குல அகலப் பட்டுத் துணி, அதன்மேல் யூகலிப்டஸ் இலையோடு மல்லிகைச் சரம். பூ நாடிக்கு மேலே எழும்பக் கூடாது, பேசுகிறவருக்கு முகம் தெரியவேணும். ஊதா, நீல வெளிச்சம் பட்டால் பைன் சேற்று நிறமாகிவிடும்; டிஜேயிடம் சொல்லி மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றினோம். கால் தெரிகிற பிரச்சினைக்கு மேசைக்கு முன்பக்கம் இலைத்தோரணத்தை நிலம் தொட விட்டோம். ஹீல்ஸ் கழன்றது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மேசை இப்போது அவர்களின் அபார்ட்மென்டில் சாப்பாட்டு மேசை. இடப்பக்க ஓரத்தில், பொம்பிளை கை ஊன்றின இடத்தில், அரிசி மணி அளவில் ஏழெட்டுப் பள்ளம். தங்க வளையல் பட்டது. ஓக் என்றால் வந்திராது.

இன்னொன்று: கால் கழற்றுகிற மேசையே வாங்குங்கள், ஆனால் ஸ்பானரை ஹோலுக்குள் கொண்டுபோங்கள். எங்களுடையது அப்பாவின் காருக்குள் இருந்தது. அப்பா பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். மேசை நாலு காலும் வெளியே நீட்டிக்கொண்டு வான் வண்டியில் போனது, நான் பின்சீற்றில் அதன் அடியில்.