ஆபீஸ் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் செட்டிங்கைப் பூட்டி வைத்த அனுபவம்

பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் (கஸ்டம்ஸ் வேலையை முடித்துக் கொடுப்பவர்) ஆபீஸில் கம்ப்யூட்டர் பராமரிப்பு என் பொறுப்பு. இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி போட கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளம், கணக்குக்கு டேலி, எல்லாருக்கும் சேர்த்து ஒரே பிரின்டர். நெட் கொஞ்சம் மெதுவானால் போதும், யாராவது ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி எண்) கையால் மாற்றிப் பார்ப்பார், அது பிரின்டரின் ஐபியாகவே போய் அமையும், உடனே "அண்ணா, பிரின்ட் போகல" என்று எல்லா மேசையிலிருந்தும் குரல் வரும். இதற்காகத்தான் பூட்டினோம், ரெண்டு வருஷத்துக்கு மேல் ஓடுகிறது.

நெட்டில் தேடினால் முதலில் வருவது, குரூப் பாலிசியில் (விண்டோஸில் கட்டுப்பாடுகள் போடும் இடம்) செட்டிங்ஸ் பக்கங்களை மறைக்கும் வழி. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் ரன் பெட்டியில் ncpa.cpl என்று அடித்தால் பழைய நெட்வொர்க் ஜன்னல் அப்படியே திறக்கும். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து போட்ட மாதிரிதான். ஐபியை மாற்றும் லேன் ப்ராப்பர்ட்டீஸ் ஜன்னலைத் தடுக்க தனி பாலிசி உண்டு, அதுவும் அட்மின் (முழு உரிமை உள்ள) கணக்கில் உட்கார்ந்திருப்பவரைத் தானாகத் தடுக்காது, அட்மின்களுக்கும் பொருந்தும்படி இன்னொரு பாலிசியை இயக்க வேண்டும். அப்படி இயக்கினாலும் அட்மின் நினைத்தால் அதையே திருப்பி எடுத்துவிடலாம், அப்புறம் என்ன பூட்டு? போதாக்குறைக்கு விண்டோஸ் ஹோமில் குரூப் பாலிசி எடிட்டரே கிடையாது, ப்ரோ வேண்டும்.

உண்மையில் வேலை செய்தது அட்மின் உரிமையை எடுத்ததுதான். எல்லாரையும் ஸ்டாண்டர்ட் யூசராக (அட்மின் உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு) மாற்றியதும் ஐபியை மாற்றப் போனால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது, கதை முடிந்தது. பிரின்டருக்கும் சர்வருக்கும் ரவுட்டரிலேயே ஐபியை ஒதுக்கி வைத்ததும் மோதலும் நின்றது. இதற்குக் கொடுக்கும் விலை, எந்த மென்பொருள் அப்டேட் கேட்டாலும் எனக்குப் போன் வரும், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கும்போதும் வரும்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. மொபைலை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) போட்டால், அது பாட்டுக்குப் புது நெட்வொர்க் கார்டாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, பெரும்பாலும் அட்மின் பாஸ்வேர்ட்கூடக் கேட்பதில்லை. ரவுட்டரில் போட்ட தடை எதுவும் அந்த வழிக்குப் பொருந்தாது. யூஎஸ்பியை மொத்தமாக மூடிவிடு என்று சிலர் சொல்வார்கள், நம் தொழிலில் அது நடக்காது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனே யூஎஸ்பியில்தான் மாட்ட வேண்டும். அதனால் குரூப் பாலிசியிலுள்ள டிவைஸ் இன்ஸ்டலேஷன் கட்டுப்பாட்டில் டெதரிங்குக்கான ஹார்ட்வேர் ஐடியை (கருவியின் அடையாளக் குறி) மட்டும் தடுத்தேன். ஏற்கெனவே மாட்டிய போன்களுக்கும் சேர்த்து என்ற டிக்கை விட்டுவிட்டால் பழைய போன்கள் தப்பித்துவிடும், அதைக் கவனிக்கவும். போனின் வைஃபை ஹாட்ஸ்பாட்டுக்கு விண்டோஸின் netsh கட்டளையில் ஆபீஸ் வைஃபையை மட்டும் அனுமதித்து மற்றதை மூடலாம், அது சுலபம்.

துறைமுகம், கிடங்கு என்று லேப்டாப்போடு அலையும் சீனியர் ஒருவருக்கு மட்டும் இந்தப் பூட்டு சரிப்படவில்லை. அவருக்கு முழு அட்மின் தரவில்லை. நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ் என்று விண்டோஸிலேயே ஒரு குழு இருக்கிறது, அதில் சேர்த்தேன். ஐபியை மாற்றிக்கொள்ளலாம், மென்பொருள் ஏற்ற முடியாது. அவர் லேப்டாப்பில் வைஃபை தடையும் போடவில்லை, போட்டால் வெளியிடத்தில் நெட்டே கிடைக்காது.