மீனைக் கேட்ட பிறகே இறால் தரும் கடை

சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடைவீட்டு வரிசையில் இருக்கும் இந்த அலங்கார மீன் கடையில், தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் சிறிய நன்னீர் இறாலான செர்ரி இறாலை வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. வீட்டுத் தொட்டியில் என்ன மீன் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் நிரப்பி எத்தனை வாரம் ஆகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும் வரை கடைக்காரர் தொட்டிப் பக்கமே போகமாட்டார். மீனையும் இறாலையும் ஒன்றாக வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு கடை செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நான் போயிருந்த அன்று, ஏஞ்சல் மீன் வளர்க்கும் இளைஞர் ஒருவர் அதே தொட்டியில் விட இறால் கேட்டு நின்றார். "தம்பி, விடிஞ்சு பார்த்தா ஒண்ணுகூட மிஞ்சாது. வேற தொட்டி இருந்தா சொல்லுங்க, தர்றேன்" என்று சொல்லிவிட்டு, வாய்க்குள் அடங்கும் எதையும் மீன் இரையாகத்தான் பார்க்கும் என்பதைக் கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். கப்பி மீன்கள் வளர்ந்த இறாலை விட்டுவிடும், ஆனால் குஞ்சுகளைத் தேடித் தின்னும். சண்டை மீனைப் பொறுத்தவரை ஒவ்வொன்றின் குணமும் வேறு என்பதால் அவர் எந்த உறுதியும் தருவதில்லை. முழு நம்பிக்கையோடு அவர் பரிந்துரைப்பது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி மேயும் ஓட்டோசிங்க்ளஸ் ஒன்றைத்தான்.

அதற்கு அடுத்தபடியாக அவர் காட்டுவது நம் நாட்டு ராஸ்போரா மீன்களை. தீபகற்ப மலேசியாவில் இலைச்சாறு ஊறிக் கறுத்த கருநீர் ஓடைகளில் வாழும் ஹார்லிகுவின் ராஸ்போராவுக்கும், அதைவிட மிகச் சிறிய புள்ளிக் குள்ள ராஸ்போராவுக்கும் 1904இல் அறிவியல் பெயர் சூட்டியவர் டுங்க்கர் என்ற ஜெர்மானியர். நம் மண்ணின் மீன்களை இவ்வளவு நல்ல நிலையில் ஒரு சிறு பட்டணத்துக் கடையில் பார்த்தது எனக்கு மனநிறைவைத் தந்தது. குள்ள ராஸ்போரா இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது. வளர்ந்த இறாலை அது ஒன்றும் செய்ய முடியாது, அன்று பொரித்த குஞ்சு ஒன்றிரண்டு போகலாம், அவ்வளவுதான். சிக்கல் தண்ணீரில்தான் இருக்கிறது. இந்த மீன்கள் தாது உப்பு குறைந்த, அமிலத்தன்மை கொண்ட தண்ணீரில் பிறந்தவை. செர்ரி இறாலுக்கோ ஓடு கழற்றிப் புது ஓடு கட்டுவதற்குக் கால்சியம் வேண்டும், அது போதாவிட்டால் பழைய ஓட்டிலிருந்து வெளியே வர முடியாமலேயே செத்துப்போகும். மீன் ஓரளவு அனுசரித்துக்கொள்ளும், இறாலால் முடியாது என்பதால், இறாலுக்கு ஏற்றபடியே தண்ணீரை அமைக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். கால்சியம் மெல்லக் கரைவதற்காக வடிகட்டிக்குள் ஒரு பிடி பவளக்கல் போட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை நடுநிலையான 7க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

கடையின் உள்பக்கத்தில் இருக்கும் இரண்டடித் தொட்டியை அவசியம் பார்க்க வேண்டும். பாதி உயரத்துக்கு ஜாவா பாசி என்ற நீர்த்தாவரம் அடர்ந்திருக்கிறது, அடியில் காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலைகள் கிடக்கின்றன, மேலே குள்ள ராஸ்போராக் கூட்டம் திரிகிறது. இலை ஓரத்தில் ஒரு பெண் இறால், வயிற்றுக்கடியில் மஞ்சள் நிறச் சினையைச் சுமந்தபடி, நீந்து கால்களால் அதற்கு இடைவிடாமல் தண்ணீர் விசிறிக்கொண்டிருந்தது. சினையிலிருந்து வெளிவரும் குஞ்சு, தாயின் உருவத்திலேயே, இரண்டு மில்லிமீட்டர் அளவில் நேராகப் பாசிக்குள் இறங்கிவிடும். அந்தப் பாசிதான் அதற்குக் கோட்டையும் சாப்பாடும்; பாசி இல்லாத தொட்டியில் மீன்களோடு இறால் பெருகுவது கடினம். அமானோ இறால் என்ற வேறு இனம் உருவத்தில் பெரியது என்பதால் மீன்களிடம் தப்பிக்கும், ஆனால் அதன் இளம் புழுக்களுக்கு உப்பு கலந்த தண்ணீர் தேவைப்படுவதால் வீட்டுத் தொட்டியில் அவை வளர்வதில்லை என்பதையும் வாங்குபவரிடம் அவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்கான மருந்துகளில் மயில்துத்தம் (செம்பு உப்பு) கலந்தவை இறாலைக் கொன்றுவிடும். அப்படிப்பட்ட புட்டிகளை மற்ற மருந்துகளோடு ஒரே தட்டில், எந்த எச்சரிக்கையும் எழுதி ஒட்டாமல் அடுக்கி வைத்திருப்பது சரியில்லை. வார இறுதிக் கூட்டத்தில் உதவிக்கு நிற்கும் பையன்கள், கடைக்காரர் கேட்கும் கேள்விகளைக் கேட்காமலேயே பிடித்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். தகரக் கூரையின் கீழ் மத்தியான வெப்பத்தில் முன்வரிசைத் தொட்டிகள் நன்றாகவே சூடாகின்றன. 30 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரில் பிராணவாயு குறைந்து இறால் தளர்ந்துவிடும் என்பதால், ஒரு சிறு விசிறியாவது அங்கே வைக்க வேண்டும்.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் கையால் எழுதி ஒட்டியிருக்கும் அறிவிப்பை நான் வேறெந்த மீன் கடையிலும் கண்டதில்லை. டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க ஆள் வரும் நாளில் தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்று மோட்டாரை நிறுத்திவிட வேண்டும் என்கிறது அது. மோட்டார் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. புகையிலுள்ள பூச்சிமருந்தை மீன் தாங்கினாலும், பூச்சிக்கு உறவான இறால் தாங்காது. தாமான்களிலும் தோட்ட லயங்களிலும் குடியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

செர்ரி இறால் ஒன்றுக்கு ஒன்றரை ரிங்கிட் வாங்குகிறார்; ஈப்போவில் இதைவிடச் சற்று மலிவாகக் கிடைக்கும். ஆனால் இங்கே வலை போட்டுத் துரத்தாமல் சிறு கோப்பையால் மொண்டு எடுத்து, வழியில் பற்றிக்கொள்ள ஒரு துண்டுப் பாசியையும் பைக்குள் போட்டுத் தருகிறார்கள். புதிதாக வந்திறங்கியவற்றை ஒரு வாரம் விற்பனைக்கு வைப்பதில்லை. அவை இருக்கும், செய்தித்தாள் ஒட்டி மறைத்த தொட்டிகளைக் காட்டிக் கேட்டால் கிடைக்காது. கடைக்காரரே நிற்கும் வார நாட்களில், வெயில் ஏறுவதற்கு முன்பாகப் போவது நல்லது.